அலைச் சத்தம் நின்றுபோன கரை

எங்கள் கடற்கரையில் அலைச் சத்தம் நின்றுபோனது ஒரு மாசி மாதக் காலையில், பூங்காவில் நாங்கள் மூன்றாவது சிரிப்பைச் சிரித்து முடித்தபோது. அலை வந்தது, எழும்பியது, மடிந்தது, நுரையை மணலில் பரப்பிவிட்டுப் பின்வாங்கியது, வழக்கமாகச் செய்கிற எல்லாவற்றையும் செய்தது, சத்தத்தை மட்டும் விட்டுவிட்டது. சென்னையின் தென்கோடியில், உடைந்த கட்டுமரம் கிடக்கிற இடத்திலிருந்து கால்வாய் கடலில் கலக்கிற இடம்வரை, எங்கள் பூங்காவும் அதற்கெதிரே மணலில் போட்ட மரப்பாதையும் வரிசையாக நாலைந்து கஃபேக்களும் இருக்கிற அந்தத் துண்டுக் கரைக்கு மட்டும்தான் இது நேர்ந்தது. அதற்கு அந்தண்டையும் இந்தண்டையும் கடல் எப்போதும்போல இரைந்துகொண்டுதான் இருந்தது. ஏன் என்று எங்களைக் கேட்காதீர்கள், கேட்கவேண்டியவர்கள் எல்லாம் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நாங்கள் என்றால் சிரிப்பு மன்றம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், சர்க்கரைக்காரர்கள், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் போனுக்காகக் காத்திருப்பவர்கள், மொத்தத்தில் வீட்டில் சிரிப்பதற்குக் காரணம் கிடைக்காதவர்கள் எல்லாரும் காலையில் பூங்காவில் கூடி, காரணமில்லாமல் சிரிப்போம். எங்களுக்குத் தலைவி ஸ்டெல்லா மேரி டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர விசிலை விடவில்லை. ஒரு விசிலுக்கு வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரிக்கவேண்டும், இன்னொரு விசிலுக்குக் கைதட்டிச் சிரிக்கவேண்டும், மூன்றாவதற்கு இரண்டு கைகளையும் தூக்கி வானத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கவேண்டும். வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்பார்கள், எங்கள் நோய்கள் எதுவும் இதுவரை விட்டுப்போகவில்லை, ஆனாலும் நாங்கள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

எங்களில் மிகப் பலமாகச் சிரிப்பவர் தணிகாசலம். பஸ் ஓட்டுநராக இருந்தவர், நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர், வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவார். தினமும் மனைவி அமிர்தத்தோடுதான் வருவார், ஆனால் பூங்கா வாசலில் இருவரும் பிரிந்துவிடுவார்கள். அவர் உள்ளே வந்து கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதையில் நடப்பார், எட்டின் வளைவு கடலைப் பார்க்கத் திரும்பும் இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு நடந்து, கடலுக்கு முதுகு காட்டியபின் நிமிர்வார். அந்தம்மா ரோட்டைக் கடந்து, சக்கர நாற்காலிக்காரர்களும் கடலைத் தொடட்டும் என்று போட்ட மரப்பாதையில் நடந்து, அதன் கடைசிப் பலகையில், அலை அறைகிற இடத்தில் நின்றுகொண்டு வாயசைத்துக்கொண்டிருப்பார். சூரியனுக்கு ஏதோ ஸ்லோகம் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கடல் இரைச்சலில் அவர் சொல்வது பக்கத்தில் நிற்கிற நாய்க்குக்கூடக் கேட்காது.

அந்தக் காலையில் நாங்கள் கைகளைத் தூக்கிச் சிரித்துவிட்டு மூச்சு வாங்கிய நேரத்தில் கடலின் சத்தம் நின்றது. நின்ற இடத்தில் ஒரு பெண்ணின் குரல் இருந்தது. அலையை மீறிக் கத்திப் பழகிய குரல், மறைக்க ஒன்றுமில்லாமல் ரோட்டைத் தாண்டி, பூங்கா வேலியைத் தாண்டி, எங்கள் நடுவில் வந்து விழுந்தது.

"பரணி, கேக்குதாடா? அதோ சிரிக்கிறாரு பாரு உங்கப்பா. நீ போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல, நாலு வருஷமா உன் பேரை ஒருவாட்டி வாயால சொன்னதில்ல. ஷூவை மாட்டிக்கிட்டு சிரிக்க வந்துடுறாரு. அந்தச் சிரிப்பைக் கேட்டா எனக்கு வயிறு எரியுதுடா."

தன் குரல் தனக்கே கேட்டதும் அமிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் யாரும் தணிகாசலத்தைப் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க முடியாதவர்கள் அவருடைய ஷூவைப் பார்த்தோம். தூக்கிய கைகளை அவர் இன்னும் இறக்கியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக இறக்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "டீச்சர், அடுத்த சிரிப்புக்கு விசில் அடிங்க" என்றார். டீச்சருக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. விசில் அடித்தார், நாங்களும் சிரித்தோம். எங்கள் வாழ்நாளில் அவ்வளவு கேவலமாக ஒருநாளும் சிரித்ததில்லை.

கடல் ஊமையானது ஊருக்குப் பழகிப்போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. முதலில் டிவிக்காரர்கள் வந்து, ஊமைக் கடலைப் படம்பிடித்து, பார்க்கிறவர்கள் தங்கள் டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைக்கக்கூடாதே என்று பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்து ஒளிபரப்பினார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் நீரில் மைக்கை இறக்கிப் பார்த்து, மைக் நன்றாக வேலை செய்கிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். குப்பத்து மீனவர்கள் படகைத் தள்ளும்போது காதால் அல்லாமல் கண்ணால் அலையை எண்ணப் பழகினார்கள், அவர்களுடைய பெண்கள் வெள்ளிக்கிழமை கடலுக்குக் கற்பூரம் காட்டி, தொண்டைக்கு நல்லதென்று சுக்குக் கஷாயம் ஊற்றினார்கள். வீட்டுத் தரகர்கள் கடல் தெரியும், தூக்கம் கெடாது என்று சொல்லி வாடகையை ஏற்றினார்கள்.

ஆனால் கடல் இத்தனை காலம் எதற்கெல்லாம் துணையாக இருந்தது என்பது அது வாயை மூடிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிற ஊர் இது, சண்டை போடுவதற்கும் சமாதானமாவதற்கும் காதலிப்பதற்கும் கைவிடுவதற்கும் ஜனங்கள் கடற்கரைக்குத்தான் வரவேண்டும், அலைச் சத்தம்தான் அவர்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும். இப்போது படகு நிழலில் ஒரு பையன் ஒரு பெண்ணிடம் சொன்ன பொய் ஐஸ்கிரீம் வண்டிவரை கேட்டது, ஐஸ்கிரீம்காரர் இல்லையென்று தலையாட்டினார், அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். மணலில் உட்கார்ந்து மாமியாரைப் பற்றித் தங்கையிடம் சொன்ன ஒருத்திக்கு, அந்த மாமியாரின் சிநேகிதி பஜ்ஜிக் கடையில் நிற்பது தெரிந்திருக்கவில்லை. சுண்டல் விற்கிறவர்கள் பாதிக் குரலில் கூவினார்கள், காதலர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு போனில் எழுதி அனுப்பிக்கொண்டார்கள், கோள் சொல்கிறவர்கள் பக்கத்துக் கடற்கரைக்கு இடம் மாறினார்கள், அழ வந்தவர்கள் அழாமல் திரும்பிப் போனார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் அமிர்தமும் ஒருவர். பரணி அவர்களுடைய ஒரே பிள்ளை. காணும் பொங்கலன்று ஊரே கடற்கரையில் குவிந்து கிடந்த நேரத்தில், காலேஜ் நண்பர்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவனை ஒரு அலை கூட்டிக்கொண்டு போனது, குப்பத்து ஆட்கள் நாள்கணக்கில் தேடியும் கடல் அவனைத் திருப்பித் தரவில்லை. எரிக்கவோ புதைக்கவோ அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆகவே மரப்பாதையின் கடைசிப் பலகைதான் அவனுடைய விலாசம் என்று அமிர்தம் வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஸ்லோகம் என்று நினைத்தது இதைத்தான், தினமும் வந்து அவனோடு பேசுவாராம். என்ன குழம்பு வைத்தேன், சித்தி மகளுக்கு எங்கே இடம் பார்க்கிறார்கள், உன் பைக்கை யார் வாங்கினார்கள் என்றெல்லாம் சொல்வார். பிறகு திட்டுவார், பிறகு அழுவார், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பூங்கா வாசலில் வந்து புருஷனுக்காக நிற்பார். அந்த அரைமணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் மிச்ச நாளை அவர் ஓட்டிவந்தார்.

எங்கள் மன்றம் சும்மா இருக்குமா? கூடிப் பேசினோம். துக்கத்துக்கு மரியாதை செய்யவேண்டும் என்று முடிவெடுத்தோம். எங்களுக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான், கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் எழுந்து நின்று மௌனம் காப்பது. ஆகவே அமிர்தம் மரப்பாதையில் கால் வைத்ததும் டீச்சர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பாதையின் வாசலில் நின்றார், நாங்கள் வேலியோரம் வரிசையாகத் தலைகுனிந்து நின்றோம், கஃபேக்காரர்கள் பாட்டை நிறுத்தினார்கள், சுண்டல்காரர் வாயை மூடினார், குரைக்க வந்த நாய்க்கு யாரோ பிஸ்கட் போட்டார்கள். கடலும் பேசவில்லை, கரையும் பேசவில்லை. அவ்வளவு மரியாதைக்கு நடுவில் அந்தம்மா கடைசிப் பலகையில் நின்று, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். கூப்பிய கைகளோடு எங்களைக் கடந்து போனபோது அவர் முகத்தைப் பார்த்த பிறகும், நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் அதையே செய்தோம்.

கஃபேக்காரர்கள் எங்களைவிடப் பரவாயில்லை. கடல் சத்தமில்லாமல் காப்பி விற்கவில்லை என்பதால் மாடியில் ஸ்பீக்கர் கட்டி, எங்கேயோ பதிவு செய்த அலைச் சத்தத்தைப் போட்டார்கள். அமிர்தம் அதையும் முயன்று பார்த்தார். "பரணி" என்று தொடங்கி, இட்லி மாவு புளிக்கவில்லை என்பதுவரை சொல்லிவிட்டார். அதற்குள் பதிவில் ஒரு நாய் குரைத்தது, வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று கெக்கலித்தது, திரும்பவும் முதலிலிருந்து அலை வந்தது, திரும்பவும் அதே நாய் குரைத்தது. அது வேறு யாருடைய கடலோ. அவர் தலையில் முக்காடிட்டுக்கொண்டு போய்விட்டார். ஷேர் ஆட்டோ ஏறிப் பக்கத்துக் கடற்கரைக்கும் போய்ப் பார்த்தாராம், அங்கே அலை நன்றாகத்தான் இரைந்ததாம், ஆனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இங்க அவன் இல்ல" என்று வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு அமிர்தம் கடற்கரைக்கு வரவில்லை. தணிகாசலம் மட்டும் தனியாக வந்தார், தனியாக எட்டு போட்டார், எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

பங்குனி பிறந்த சமயத்தில் ஒருநாள், சிரித்து முடிந்ததும் அவர் போகாமல் நின்றார். டீச்சரும் நானும் அவரை அழைத்துக்கொண்டு எதிரேயிருந்த கஃபேக்குப் போனோம். ஒரு காப்பியின் விலையில் ஒரு குடும்பம் சாப்பிடலாம், அதனால் நாங்கள் அதுவரை உள்ளே போனதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கடல் ஊமைப்படம்போல ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலம் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"எங்க வீட்டு மிக்ஸி புகைஞ்சுபோச்சு சார்" என்றார்.

"ரிப்பேருக்குக் குடுங்க" என்றேன் நான், விஷயம் தெரியாமல்.

"ரெண்டாவது மிக்ஸி சார் இது. அரைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. காலி மிக்ஸியை ஓட விட்டுட்டு, சமையக்கட்டுல குந்திக்கிட்டு அழுவுறா. எனக்குக் கேக்கக்கூடாதாம். மிக்ஸி நின்னா அவளும் நிறுத்திடுவா, முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து டீ வேணுமாங்கன்னு கேப்பா. இப்ப மிக்ஸியும் இல்ல. நேத்துலேர்ந்து பேச்சே இல்ல, சோறும் எறங்கல, செவத்தைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கா. இப்படியே போனா அவளும் போயிடுவா சார்."

"வாய்விட்டு அழுதா என்னங்க?" என்றார் டீச்சர். "அவங்க வீடுதான?"

தணிகாசலம் காப்பியைத் தொடவில்லை. "பையன் போன மாசமே எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சுல்ல? ஆஸ்பத்திரி வாசல்ல வெச்சு எங்கண்ணன் சொல்லிட்டாரு, நீ அழுது அழுதுதான் இவனுக்கு இப்படி ஆச்சு, இனிமே இவன் காதுபட அழுதா புருஷனையும் வாரிக் குடுத்துடுவேன்னு. அன்னிக்கு வாயை மூடினவதான். நான் ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே காதால கேட்டேன். அப்படியெல்லாம் இல்லம்மா, நீ அழுன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல. அவ அழுதா நானும் அழுதுடுவேன், அப்புறம் என்னை யாரு தூக்குவா?"

"நீங்க அழவே இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"தினமும் அழுவுறேனே சார், உங்க பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான" என்றார் அவர். "சிரிக்கும்போது கண்ணுல தண்ணி வந்தா யாரும் என்னன்னு கேக்கறதில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. நாலு வருஷம் ஒருவர் பக்கத்தில் நின்று அழுதிருக்கிறார், நான் அவரை நன்றாகச் சிரிக்கிறவர் என்று என் மனைவியிடம் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறேன். டீச்சர் கண்ணாடிக்கு வெளியே மரப்பாதையைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாளையிலேருந்து மன்றம் பார்க்குல இல்ல" என்றார். "மரப்பாதை பக்கத்துல, மணல்ல. அந்தம்மாவை நீங்க கூட்டிட்டு வந்துடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்."

"நம்ம சிரிப்பைக் கேட்டாலே வயிறு எரியுதுன்னு சொன்னாங்களே டீச்சர்" என்றேன்.

"எரியட்டும். எரிஞ்சா திட்டுவாங்கல்ல? திட்டணும்னா வாயைத் திறக்கணும்ல?"

மறுநாள் காலை தணிகாசலம் எப்படியோ மனைவியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அமிர்தம் பாதியாக இளைத்திருந்தார், முகம் வெளுத்திருந்தது. பூங்கா வாசலில் அவர் வழக்கப்படி ரோட்டைக் கடந்து மரப்பாதையில் ஏறினார், இந்த முறை தணிகாசலமும் ரோட்டைக் கடந்து வந்து எங்கள் வரிசையில் நின்றுகொண்டார். நாங்கள் மணலில் மரப்பாதையின் இரண்டு பக்கமும், கடலுக்கு முதுகும் ரோட்டுக்கு முகமுமாக நின்றோம். யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது டீச்சரின் கட்டளை. அமிர்தம் எங்கள் நடுவே கடந்து போகும்போது, இன்னும் ஒரு மரியாதையா என்று பயந்தவர்போல நடையை எட்டிப் போட்டார்.

விசில் கேட்டதும் சிரித்தோம். முதலில் ஒன்றும் வரவில்லை, மணலும் உப்புக்காற்றும் தொண்டைக்குள் போனதுதான் மிச்சம். பூங்காவில் காரணமில்லாமல் சிரித்துவிடலாம், காரணம் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது எப்படிச் சிரிப்பது? டீச்சர் எங்கள் முன்னால் நடந்து நடந்து விசில் அடித்தார், "பலமா, இன்னும் பலமா, சோறு தின்னீங்களா இல்லையா" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல விரட்டினார், நாங்கள் கைகளைத் தூக்கி வானத்தைப் பார்த்து ஹா ஹா ஹா என்று அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கொட்டினோம். சுண்டல்காரர் தூக்கை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு வந்து நின்றார், கஃபேயில் மேசை துடைக்கிற பெண்கள் துணியும் கையுமாக வந்தார்கள், போனில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்த காதலர்கள் என்ன ஏது என்று கேட்காமல் எழுந்து வந்து சிரித்தார்கள், குப்பத்துப் பெண்கள் மீன்கூடையோடு நின்று சிரித்தார்கள், கரை முழுக்கச் சிரிப்பு எழும்பி, மடிந்து, மறுபடி எழும்பியது.

நான் திரும்பிப் பார்த்தேன். கட்டளைக்குக் கீழ்ப்படிகிற வயதெல்லாம் எனக்குத் தாண்டிவிட்டது. அமிர்தம் கடைசிப் பலகையில் நின்று கையை நீட்டி நீட்டிக் கடலைத் திட்டிக்கொண்டிருந்தார். முந்தானை தோளிலிருந்து நழுவியது தெரியவில்லை, கூந்தல் அவிழ்ந்தது தெரியவில்லை, தலையில் அடித்துக்கொண்டார், மார்பில் அடித்துக்கொண்டார், குனிந்து அலையை இரண்டு கையாலும் அறைந்தார். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, சிரித்துக்கொண்டே அழுதேன், யாரும் என்னவென்று கேட்கவில்லை.

அப்போது பக்கத்தில் சிரிப்பு ஒன்று குறைந்தது. தணிகாசலம் வரிசையை விட்டு விலகி, மரப்பாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். தலையைக் குனியவில்லை. நெஞ்சு ஆபரேஷன் ஆனவர், ஒவ்வொரு பலகையாக நின்று நின்று போனார். பக்கத்தில் போய் நின்றதும் அமிர்தம் அவரைப் பார்த்தார், ஏதோ சொன்னார், இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் குத்தினார், அவர் தடுக்காமல் வாங்கிக்கொண்டார். அந்தம்மாவுக்குக் கை ஓய்ந்ததும் அவர் கடலுக்கு நேராகத் திரும்பினார். உள்ளங்கைகளை வாயின் இரண்டு பக்கமும் குவித்து வைத்துக்கொண்டார். அவர் ஷூவை அலை நனைத்துவிட்டுப் போனது. நாலு வருஷம் கழித்து அந்த மனிதர் பிள்ளையைக் கூப்பிடப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து எங்களுக்கு மூச்சு வாங்கியது. தொண்டை கட்டிப்போயிருந்தது, ஒவ்வொருவராகக் கைகளை இறக்க ஆரம்பித்திருந்தோம், கரையில் சத்தம் வற்றிக்கொண்டிருந்தது. "டீச்சர்" என்று நான் கையைக் காட்டினேன். அவர் தன் கட்டளையைத் தானே மீறித் திரும்பிப் பார்த்தார், பார்த்ததும் விசிலை வாயில் வைத்து, எடுக்காமல், முகம் சிவக்க, கண்ணில் நீர் வழிய ஊதினார்.

சிரித்தோம். இருமிக்கொண்டும் அழுதுகொண்டும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும், பலகையில் நின்றவர் கைகளை இறக்கும்வரை சிரித்தோம். தணிகாசலம் தன் மகனிடம் என்ன சொன்னார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.